ஐடிலிங்கில் படுத்துக்கொண்ட முள்

“முள்ளு வுழுந்துருச்சு பாப்பா. நீ படிச்ச படிப்பால அதுக்கு முட்டுக் குடுக்க முடியுமா?”

சித்தப்பா இதைக் கோபத்தில் கேட்கவில்லை. கேலியாகவும் கேட்கவில்லை. டாக்டர் கைவிரித்த பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் பேசுகிற குரல் அது. வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் முன்னால் குந்தியிருந்தார். எஞ்சின் ஐடிலிங்கில், ஆக்சிலேட்டர் முறுக்காமல் நின்ற இடத்திலேயே, தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் அவர் பொருத்தியிருந்த, ஆயில் அழுத்தம் காட்டுகிற ஆயில் மீட்டரின் முள் பூஜ்யத்தின் மேல் படுத்துக் கிடந்தது.

நான் பெரம்பலூர் பஸ்ஸை விட்டு இறங்கி அப்போதுதான் வந்திருந்தேன். தோளில் பை. அங்கே ஒரு இருசக்கர வாகன சர்வீஸ் சென்டரில் எனக்கு முன்மேசை வேலை. வண்டியோடு வருகிறவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு, வேலைச்சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். எஞ்சின் பிரிக்கிற அறை உள்ளே இருந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த எனக்கு அந்த அறைக்குள் நாற்காலி இல்லை. நாற்காலியே இல்லாத அறை என்பது வேறு விஷயம். நிற்கவும் இடம் தரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். அதை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் அன்று சித்தப்பாவுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “ஆயில் பம்ப் சரியா இருக்கான்னு பாக்கணும் சித்தப்பா” என்றேன்.

“பாத்து?”

பையை இறக்கி வைத்துவிட்டு நானும் முள்ளின் முன்னால் குந்தினேன்.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்தப்பா பல வருடம் டிப்பர் லாரி ஓட்டியவர். அரியலூர்ச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோகும் லாரி. ஒரு நாள் முழு லோடோடு மேடு ஏறும்போது ஆயில் மீட்டர் முள் சட்டென்று விழுந்திருக்கிறது. நடுரோட்டில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். பின்னால் வரிசையாக டிப்பர்கள் நின்று ஹாரன் அடித்தன. முதலாளி போனில், “ஆலை கேட்டு வரைக்கும் உருட்டிட்டு வாய்யா, அங்க வந்து பாத்துக்கலாம்” என்று கத்தினார். சித்தப்பா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் வந்து ஆயில் தொட்டியை இறக்கிப் பார்த்தபோது ஆயில் உறிஞ்சும் குழாய் விரிசல் விட்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகிப் போயிருக்கும்.

முதுகு வலியால் அவர் டிப்பரை விட்டபோது அந்த முதலாளியே பழைய லாரியிலிருந்து அந்த மீட்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தாராம். மற்றவர்களுக்குச் சால்வை, சித்தப்பாவுக்கு ஆயில் மீட்டர். எனக்குத் தெரிந்து அதைவிடச் சரியான மரியாதையை யாரும் யாருக்கும் செய்ததில்லை.

டிப்பரை விட்ட பிறகு பஞ்சர் வேலையை எடுத்துக்கொண்டார். கடை கிடையாது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே எங்கே டிப்பர் டயர் போனாலும் இவருக்குப் போன் வரும். ஜாக்கி, கடப்பாரை, டயர் லீவர் எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அந்தக் கனத்தைத் தாங்குகிற பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியை லப்பைக்குடிகாட்டில் ஒரு பாயிடம் வாங்கினார். துபாயிலிருந்து லீவுக்கு வரும்போது மட்டும் ஓட்டி, மற்ற நாளெல்லாம் போர்வை போர்த்தி வைத்திருந்த வண்டி. “எங்க வாப்பாவப் பாத்துக்குற மாதிரி பாத்துக்கிட்டேன், நீங்களும் அப்படியே வச்சுக்கங்க” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாராம்.

ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு இந்தச் சித்திரையில்தான் சித்தப்பா லாரி மீட்டரைப் பொருத்தினார். ஆயில் போகும் வழியில் ஒரு இணைப்பு வைத்து, செப்புக் குழாய் இழுத்து, அழகாகச் செய்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முள் எழுந்து நிற்கும். வெயிலில் ஓட்டி எஞ்சின் சூடானதும், நிற்கிற இடத்தில் ஐடிலிங்கில் விட்டால் படுத்துவிடும். அதனால் எங்கே நின்றாலும் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார். தூரத்து அழைப்புகளை, “வேற ஆளப் பாத்துக்கப்பா” என்று தள்ளிவிட ஆரம்பித்தார். பஞ்சர் வேலையில் இரண்டு தடவை வர மறுத்தால் மூன்றாவது தடவை போன் வராது.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அந்த வண்டியின் பழைய கையேட்டை இணையத்தில் தேடிப் படித்தேன். ஐடிலிங்கில் ஆயில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடைத்தால் போதும் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்த வரி எங்கேயும் இல்லை. பிறகுதான் உறைத்தது. இந்த எஞ்சினைச் செய்தவர்கள் அதற்கு ஆயில் மீட்டரே வைக்கவில்லை. மீட்டர் வருவதற்கு முன்னாலும் சூடேறிய ஐடிலிங்கில் அழுத்தம் இப்படித்தான் இறங்கியிருக்கும். பார்க்க முள்தான் இல்லை.

அடுத்து பாலிடெக்னிக் லேபில் குறுக்கே வெட்டி வைத்திருந்த எஞ்சின்கள் நினைவுக்கு வந்தன. லாரி எஞ்சினில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் சுற்றுகிற இடத்தில் வழவழப்பான உலோகத் தகடுகள்தான் இருக்கும். தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் அழுத்தத்தோடு வந்து மெத்தை போட்டால்தான் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். அங்கே முள் விழுந்தால் எஞ்சின் போயிற்று. சித்தப்பாவின் வண்டி மாதிரியான பழைய எஞ்சினில் அந்த இடத்தில் உருளைகள். உருளை உருண்டு ஓடுகிறது. அதற்கு நனைந்தால் போதும், தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய பிஸ்டன் இவ்வளவு கொஞ்சம் ஆயிலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதை யோசித்துப் பார்த்து, அந்த எஞ்சினை வரைந்த முகம் தெரியாத ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வந்தால் வாசலில் சித்தப்பா சிரித்துக்கொண்டு நின்றார். “பாரு பாப்பா, எந்திரிச்சுட்டான்!”

முள் எழுந்துதான் நின்றது. டிப்பருக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை வண்டிக்கு ஊற்றியிருந்தார். எங்கள் பக்கத்தில் டிரைவர்கள் எல்லோரும் செய்வது இது. பழைய லாரியில் முள் இறங்கினால் கெட்டி ஆயில் ஊற்றி அடுத்த ரிப்பேர் வரை ஓட்டுவார்கள். ஆனால் எனக்கு வேறொன்று கேட்டது. எஞ்சின் தலையிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். போன வாரம் அது இல்லை.

“அது என்ன சத்தம் சித்தப்பா?”

சிரிப்பு போய்விட்டது. “அதான். உள்ள தேஞ்சுருச்சு. ஆயில் ஊத்தி எத்தன நாளைக்கு ஏமாத்துறது? திங்கக்கிழம காலைல குட்டியானை வண்டிக்குச் சொல்லிட்டேன். திருச்சிக்கு ஏத்தி எறக்கி, எஞ்சினப் பிரிச்சுர வேண்டியதுதான்.”

உள்ளிருந்து சித்தி வந்தார். சித்தி தா.பழூர்ப் பக்கம் நெல் வயலில் வளர்ந்தவர். இங்கே வந்து கரிசல் காட்டையும் போர் மோட்டாரையும் மக்காச்சோளத்தையும் கற்றுக்கொண்டவர். “பிரிச்சா ஒரு மாசம் ஆவுமாம். அதுக்குள்ள டிப்பர்காரனுவ எல்லாம் வேற நம்பரப் போட்டு வச்சுக்குவானுவ. அப்புறம் இந்த ஜாக்கிய வச்சு நான் சட்டியா எறக்குறது?”

“நாளைக்கு ஒரு நாள் குடுங்க சித்தப்பா” என்றேன். “திங்கக்கிழம ஏத்துறதுன்னா ஏத்துங்க.”

என் பையில் சர்வீஸ் சென்டர் மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்த சின்ன மீட்டர் இருந்தது. சித்தப்பாவின் லாரி மீட்டர் பெரிய அழுத்தத்தைக் காட்டப் பிறந்தது. நெல் மூட்டை எடை போடுகிற தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. இந்தச் சின்ன மீட்டர் மூக்குத்திக்கானது.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதலில் கெட்டி ஆயிலோடு வண்டியைச் சூடாக்கினோம். எஞ்சின் தலைக்கு ஆயில் கொண்டுபோகும் சின்னக் குழாயின் போல்ட்டை ஐடிலிங்கில் கொஞ்சம் தளர்த்தினேன். லாரி மீட்டரில் முள் நிமிர்ந்து நின்றது. போல்ட்டில் ஒன்றும் வரவில்லை. சித்தி ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மனசில்லாமல் ஒரு துளி எட்டிப் பார்த்தது. மேலே டிக் டிக் சத்தம்.

அந்த ஆயிலை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றினேன். சித்தப்பா வண்டியை ஒரு சுற்று நன்றாக ஓட்டிவிட்டு வந்தார். இப்போது ஐடிலிங்கில் முள் பூஜ்யத்துக்குப் போய்ப் படுத்தது. சித்தப்பாவின் கை சாவிக்குப் பாய்ந்தது.

சித்தி அந்தக் கையைத் தட்டிவிட்டார். “இருங்க! புள்ள என்னமோ பாக்குதுல்ல.”

போல்ட்டைத் தளர்த்தினேன். தளர்த்திய உடனே ஆயில் பொங்கி வந்து துணியை நனைத்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. போல்ட்டை இறுக்கினேன். கொஞ்ச நேரத்தில், மேலே ஆயில் கிடைத்த பிறகு, டிக் டிக் சத்தம் தேய்ந்து காணாமல் போனது.

சித்தப்பா துணியைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். “முள்ளு நின்னப்ப ஆயில் வரல. முள்ளு வுழுந்தப்ப ஆயில் வருது. என்னா பாப்பா இது?”

“முள்ளு ஆயில் எவ்ளோ போவுதுன்னு காட்டல சித்தப்பா. போற வழில எவ்ளோ நெருக்கடின்னு காட்டுது. கெட்டி ஆயில் அந்தச் சின்னக் குழாய்க்குள்ள நொழைய மாட்டேங்குது. அதனால...”

“கேட் வால்வ மூடுனா ஓஸு வெடச்சுக்கிட்டு நிக்கும், காட்டுக்குத் தண்ணி போவாது” என்றார் சித்தி. “அதானே?”

“அதேதான் சித்தி.”

“இத மொதல்லயே சொன்னா என்னவாம்? நான் பாட்டுக்குத் துணியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

சித்தப்பா விடவில்லை. டிப்பரை நடுரோட்டில் நிறுத்திய ஆள் அவ்வளவு சுலபமாக விடமாட்டார். விட்டிருந்தால் எனக்கும் பிடித்திருக்காது. “சரி, தலைக்கு வருது. கீழ கிராங்குக்கு? முள்ளு பூஜ்யத்துல கெடந்தா கிராங்க் என்னத்துக்கு ஆவும்?”

இந்தக் கேள்விக்காகத்தான் அந்த வாரம் முழுக்க யோசித்திருந்தேன். “டிப்பர் சக்கரத்தக் கழட்டுறீங்கல்ல, உள்ள பேரிங் இருக்குல்ல, அதுக்கு எந்த மீட்டர் வச்சிருக்கீங்க?”

“அதுக்கு எதுக்கு மீட்டரு? கிரீஸு வச்சாப் போதும்.”

“எவ்ளோ டன்னு சித்தப்பா அது மேல ஒக்காருது?”

சித்தப்பா குனிந்து எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“ஒங்க வண்டி கிராங்க்லயும் உருளதான். லாரி எஞ்சின் மாதிரி தகடு இல்ல. ஆயில் வந்து நனச்சாப் போதும்.”

அவர் பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ தேடுவது போல நின்றார். அப்புறம் அதை மூடினார். நான் எஞ்சினை அணைத்து, லாரி மீட்டர் இருந்த இடத்தில் சின்ன மீட்டரைத் திருகி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அதில் முள் பூஜ்யத்துக்கு மேலே, கொஞ்சம்தான், ஆனால் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரைத் திருப்பினால் ஏறியது. விட்டால் அதே இடத்துக்கு வந்து துடித்தது. சித்தப்பா முகத்தை மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வூட்ல நின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்றார் கடைசியில். “ரோட்ல என்னா பண்ணுதுன்னு பாக்கணும்.”

சின்ன மீட்டரைக் கழற்றிவிட்டுப் பழையபடி லாரி மீட்டரையே மாட்டினோம். மத்தியானம் போன் வந்தது. அரியலூர்ப் பக்கம், ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு டிப்பர் பின்டயர் வெடித்து நிற்கிறது. இந்த மாதிரி தூரத்தைத்தான் அவர் தள்ளிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சித்தி நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தார்.

“பாப்பா, ரோட்ல ஓடுறப்ப முள்ளு எங்க நிக்கணும்?” என்று கேட்டார் சித்தி.

வண்டியை ஸ்டார்ட் செய்து, ரோட்டில் ஓடும் வேகத்துக்கு ஆக்சிலேட்டரைப் பிடித்துக் காட்டினேன். லாரி மீட்டரில் முள் தொட்ட இடத்துக்கு நேராகக் கண்ணாடியின் மேல் சித்தி பொட்டை ஒட்டினார். “ஓடுறப்ப இங்க வந்தாப் போதும். நிக்கிறப்ப அது எங்க கெடந்தா ஒங்களுக்கென்ன?”

சித்தப்பா போனில், “வரேன்ப்பா. கல்லு முட்டுக் குடுத்து வையி” என்றார்.

பெட்டிகளுக்கு நடுவே பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் அவர் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்த்தேன். முள் பொட்டிலேயே நின்றது. படித்தது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் தவறியிருந்தால், வெயிலில் எஞ்சின் இறுகி நிற்கப்போவது அவருடைய பிழைப்பு.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புத் தூசு படிந்த டிப்பர்கள். சித்தப்பா நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். ஐடிலிங். முள் இறங்கி, இறங்கி, பூஜ்யத்தில் படுத்தது.

அவருடைய வலது கை ஆக்சிலேட்டரை முறுக்கப் போனதைப் பார்த்தேன். சித்திரையிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம். முறுக்கவில்லை. சாவியையும் தொடவில்லை. இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து டிப்பர் கேபினிலிருந்து ஒரு டிரைவர் தலையை நீட்டினார். “என்ன மாமா, இன்னிக்கு முறுக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“முறுக்குற வேலைய விட்டாச்சு மாப்ள.”

“ஒங்க முள்ளு படுத்துருக்கு மாமா, பாத்தீங்களா?”

“படுத்துருக்கட்டும். நிக்கிறப்பப் படுக்கும், ஓடுறப்ப எந்திரிச்சுரும். ஒன்னய மாதிரி ஓடுறப்பத் தூங்காது.”

முன் லாரி க்ளீனர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அந்த டிரைவரும் சிரித்துவிட்டு, “யாரு சொன்னது இத? டிப்பர்ல முள்ளு வுழுந்தா நிறுத்துன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான?” என்றார்.

“டிப்பருக்கு அதான் சரி. முள்ளு வுழுந்தா இப்பவும் நிறுத்து. இது வேற எஞ்சினு.” சித்தப்பா திரும்பாமலே தலையால் பின்னால் காட்டினார். “எம் மவ சொன்னா.”

ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில், போய்க்கொண்டே இருந்தது. வண்டி தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது. தலையில் சத்தம் இல்லை. கேட் தூக்கியதும் சித்தப்பா கியர் போட்டார். தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள் முள் பொட்டுக்கு வந்துவிட்டது.

வாழ்நாள் முழுக்க ஒரு விதியை நம்பி, அந்த விதியாலேயே மரியாதை வாங்கிய ஒருவர், இன்னொரு எஞ்சினுக்கு அது பொருந்தாது என்று கண்ணால் பார்த்ததும் கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். எனக்கு டிப்ளமோ கொடுத்த நாளில் கிடைத்த கைதட்டலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

டயரை மாற்றி முடித்துக் கையைத் தேய்த்துக் கழுவும்போதே குட்டியானைக்காரருக்குப் போன் போட்டார். “தம்பி, நாளைக்கு வராத. வேற லோடு பாத்துக்க. ஆமா. வண்டிக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் சந்தேகம் இருந்துச்சு.” போனை வைத்துவிட்டு என்னிடம், “நீ ஏன் பாப்பா இன்னும் அந்த மேசைலயே ஒக்காந்து சீட்டு எழுதிக்கிட்டு இருக்க?” என்றார்.

திங்கட்கிழமை சின்ன மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேனேஜரிடம், எஞ்சின் அறைக்கு மாற்றுங்கள் சார் என்று கேட்டேன். முன்பும் கேட்டிருக்கிறேன், அப்போது தயங்கிக் கேட்டேன்.

“உள்ள ரொம்பச் சூடும்மா. ஃபேன்கூட சரியா ஓடாது.”

“தெரியும் சார். எனக்குப் பதிலா முன்மேசைக்கு ஆள் பார்த்துட்டேன். என் கூட அறைல இருக்கிற பொண்ணு. வெளியில நிக்கிறா.”

அவர் மீட்டரை வாங்கிப் பார்த்து என் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு, அதை நீயே வைத்துக்கொள், உள்ளே அதற்கு வேலை இருக்கும் என்றார்.

இன்று காலை எனக்கு வந்த வேலைச்சீட்டில் புதுப் பெண்ணின் கையெழுத்து: “நின்றால் ஆயில் விளக்கு எரிகிறது.” கையுறையைப் போட்டுக்கொண்டேன். ஆயில் அழுத்தம் இறங்கினால் அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் சின்ன மீட்டரைத் திருகினேன். இந்த எஞ்சினில் உருளையா தகடா என்று கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தகடு. இதில் முள் விழுந்தால் விஷயம் வேறு. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன்.